மைக் டேவிஸ்: பேருந்து நிறுத்தத்து பெஞ்சும் ஒரு ராத்தல் தானியமும்

நகரம், வர்க்கம், அதிகாரம் ஆகியவற்றைப் பற்றி எழுதிய அமெரிக்கச் சமூக விமர்சகர் மைக் டேவிஸை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது என்பது கேள்வி. கூடவே இன்னொன்றும் கேட்கப்பட்டிருக்கிறது: சிலர் அவரை அழிவை முன்னறிந்து சொன்னவர் என்கிறார்கள், சிலர் எதையும் ஊதிப் பெருக்குபவர் என்கிறார்கள்; இதில் எதை நம்புவது?

இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்ல முயல்கிறேன். அவருடைய இருபதுக்கு அருகில் வரும் நூல்களில் இரண்டே இரண்டு பகுதிகளை முதலில் வாசிக்கச் சொல்வேன். ஒன்று, 1990இல் வெளிவந்த ‘சிட்டி ஆஃப் குவார்ட்ஸ்’ நூலின் நான்காம் அத்தியாயம். அது லாஸ் ஏஞ்சலஸ் நகரம் எப்படி ஒரு கோட்டையாக மாறியது என்பதைச் சொல்கிறது. மற்றொன்று, பத்தாண்டுகள் கழித்து வந்த ‘லேட் விக்டோரியன் ஹோலோகாஸ்ட்ஸ்’ நூலின் தொடக்கம். அது நம் ஊர்களைக் காலி செய்த 1876–78 பஞ்சத்தைப் பற்றியது. ஒன்றில் ஒரு பெஞ்சு வருகிறது, மற்றொன்றில் ஒரு ராத்தல், அதாவது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவான, தானியம் வருகிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தவருக்கு டேவிஸ் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி பிடிபட்டுவிடும்: இந்த அளவை நிர்ணயித்தவர் யார், அதன் செலவு யார் தலையில் விழுந்தது?

முதலில் பெஞ்சு. 1980களில் லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தின் பேருந்து நிறுத்தங்களில் பீப்பாயைப் போல் வளைந்த இருக்கைகள் வைக்கப்பட்டன. பேருந்துக்குக் காத்திருக்கும் ஒருவர் அதில் சில நிமிடங்கள் உட்காரலாம். முதுகைச் சாய்க்க முடியாது, படுக்கவே முடியாது. வீடற்றவர்கள் இரவில் அதில் உறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வளைவு. அருகிலிருந்த பூங்கா ஒன்றில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் இரவு முழுவதும் நேரம் காலம் இல்லாமல் திறந்துகொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தன. நனைவது புல் மட்டும் அல்ல, அங்கே படுத்திருப்பவர்களும் நனைய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கடல் உணவு விடுதி ஒன்று, தான் வெளியே கொட்டும் மீன் தலைகளையும் ஆறிப்போன உருளைக்கிழங்கு வறுவலையும் பசித்தவர்கள் எடுத்துவிடாதபடி குப்பைத் தொட்டியைச் சுற்றி முக்கால் அங்குலக் கம்பியில் முட்கள் நீட்டிய கூண்டு ஒன்றை 12,000 டாலர் செலவில் செய்துவைத்திருந்தது. பொதுக் கழிப்பிடங்களோ ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. டேவிஸ் இவற்றை நடந்து பார்த்து, ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, அவற்றின் பின்னால் இருந்த நகராட்சித் தீர்மானங்களையும் மறுசீரமைப்பு முகமையின் திட்டங்களையும் தேடிப் படித்தார்.

அதிகாரம் என்று நாம் பொதுவாகப் பேசும்போது சட்டமன்றம், காவல் நிலையம், நீதிமன்றம் ஆகியவைதான் நினைவுக்கு வரும். அதிகாரம் ஒரு பலகையின் வளைவிலும் இருக்கும் என்பதை இவ்வளவு கிட்டத்திலிருந்து காட்டியவர்கள் மிகச் சிலர். ஒருவரைப் போகச் சொல்லிக் காவலர் அதட்டினால் அந்த அதட்டலை எதிர்த்துப் பேசலாம், வழக்குப் போடலாம், குறைந்தபட்சம் பக்கத்தில் நிற்பவராவது அதைப் பார்ப்பார். வளைந்த பெஞ்சு யாரையும் அதட்டுவதில்லை. அங்கே தினமும் பேருந்து ஏறுபவருக்குக்கூட அது எதற்காக வளைந்திருக்கிறது என்று தெரியாது. இன்று இத்தகைய வடிவமைப்புகளைக் குறித்து நகரத் திட்டமிடல் வகுப்புகளில் பாடமே நடக்கிறது. அந்தப் பேச்சுக்கு அடிகோலியவற்றில் இந்த அத்தியாயம் முக்கியமானது.

அதே அத்தியாயத்தில் பங்கர் ஹில் என்ற மேட்டுப் பகுதியின் கதையும் வருகிறது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளிய முதியவர்களும் கூலி வேலைக்காரர்களும் வாடகை அறைகளில் வாழ்ந்த பழைய குடியிருப்பு அது. மறுசீரமைப்பு என்ற பெயரில் அது துடைத்தெடுக்கப்பட்டு, அந்த இடத்தில் வங்கிகளின் கோபுரங்கள் எழுந்தன. மேட்டிலிருக்கும் அலுவலகங்களையும், கீழே பிராட்வே தெருவில் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள் நிறைந்து வழியும் கடைவீதியையும் இணைத்த பழைய நடைபாதைத் தொடர்புகள் அறுக்கப்பட்டன. அறுந்தது தற்செயலாக அல்ல, அப்படி அறுப்பதே திட்டத்தின் உயிர்நாடி என்பதுதான் டேவிஸின் வாதம். கூட்டம் கலந்து நடமாடும் தெருவைப் பார்த்தாலே முதலீட்டுக்கு ஆபத்து என்று கருதிய ஒரு தலைமுறைத் திட்டமிடுபவர்களின் மனத்தை அவர் கட்டடங்களை வைத்தே வாசித்துவிடுகிறார்.

இந்த நூலில் அதிகம் பேசப்படாத, ஆனால் என் பார்வையில் இன்னும் ஆழமான பகுதி மூன்றாம் அத்தியாயம். தென் கலிஃபோர்னியாவின் மிக வலிமையான மக்கள் இயக்கம் எது என்று கேட்டு, அது தொழிற்சங்கமும் அல்ல, கறுப்பின மக்களின் உரிமை இயக்கமும் அல்ல, வசதியான வீட்டுச் சொந்தக்காரர்களின் சங்கங்கள்தான் என்று பதில் தருகிறார். குறிப்பிட்ட இனத்தவருக்கு வீட்டை விற்பதில்லை என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளும் வழக்கத்தைக் காத்துநின்றவை இந்தச் சங்கங்கள். அத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு வேறு வழிகள் தேடப்பட்டன. 1954இல் லேக்வுட் என்ற புறநகர் தனி நகராட்சியானது. காவல், தீயணைப்பு போன்ற சேவைகளைத் தானே நடத்தாமல் மாவட்ட நிர்வாகத்திடம் ஒப்பந்தத்துக்கு வாங்கிக்கொண்டு, எந்த நிலத்தில் எந்த மாதிரி வீடு கட்டலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது. இந்த ஏற்பாடு கைகொடுப்பதைக் கண்ட பல புறநகர்கள் அதே வழியில் பிரிந்துபோயின. வாடகைக் குடியிருப்புகளுக்கு அனுமதி மறுத்தாலே போதும், ஏழைகள் அந்த எல்லைக்குள் வர முடியாது. யாரையும் பெயர் சொல்லி விலக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தப் பாதையின் உச்சம் 1978இல் கலிஃபோர்னிய மாநில வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு. சொத்து வரியை மதிப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போகாமலும், கணக்கிடப்படும் மதிப்பை ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் உயர்த்தாமலும் அது கட்டிப்போட்டது. பழைய வீட்டுக்காரர்களுக்கு அது பெரும் நிம்மதிதான். டேவிஸும் அதை மறைக்கவில்லை. ஆனால் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் வர வேண்டிய பணம் சுருங்கியபோது, இளையவர்களும் குடியேறிகளும் வாடகைக்கு இருந்தவர்களும் அதன் விலையைக் கொடுத்தார்கள். வரிச் சட்டம், மனைப்பிரிவு விதி, நகராட்சி எல்லை ஆகியவை படிக்கச் சலிப்பூட்டும் விஷயங்கள். வர்க்கப் போராட்டம் பெரும்பாலும் இந்தச் சலிப்பூட்டும் இடங்களில்தான் நடந்து முடிகிறது என்பதைக் காட்டியதற்காகவே இந்த அத்தியாயத்தை நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

இப்படிப் பார்க்க அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய வாழ்க்கை ஓரளவு விடை தருகிறது. 1946இல் கலிஃபோர்னியாவின் ஃபொன்டானா என்ற எஃகு ஆலை நகரத்தில் பிறந்தார். தந்தை நோய்வாய்ப்பட்டபோது பதின்ம வயதிலேயே இறைச்சி வெட்டும் வேலைக்குப் போனார்; பிறகு லாரி ஓட்டினார்; கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்திலும் மாணவர் இயக்கத்திலும் இருந்தார். இறைச்சித் தொழிலாளர் சங்கம் கொடுத்த உதவித்தொகையில் இருபதுகளின் பிற்பகுதியில்தான் பல்கலைக்கழகம் போனார். 1986இல் வந்த முதல் நூல், அமெரிக்கத் தொழிலாளர்களுக்கென்று ஒரு கட்சி ஏன் உருவாகவில்லை என்பதை ஆராய்ந்தது. 2022 அக்டோபரில் சான் டியேகோவில் காலமானார். ‘சிட்டி ஆஃப் குவார்ட்ஸ்’ நூலின் கடைசி அத்தியாயம் அவர் பிறந்த ஃபொன்டானாவைப் பற்றியதுதான். போர்க்காலத்தில் 1942இல் எழுந்து 1983இல் மூடப்பட்ட கைசர் எஃகு ஆலையின் வரலாற்றை, அங்கே குடும்பம் நடத்தியவர்களின் வரலாறாக எழுதியிருக்கிறார். அவருடைய எழுத்தில் கோபம் அதிகம் என்று சொல்பவர்கள் அந்த அத்தியாயத்தின் துக்கத்தையும் வாசிக்க வேண்டும்.

முன்னறிந்து சொன்னவர் என்ற பட்டம் வந்த வழி இதுதான். அந்த நூலின் ஐந்தாம் அத்தியாயம், 1988 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை ஒரே வார இறுதியில் 1,453 பேரைப் பிடித்துச் சென்றதையும், அவர்களில் பெரும்பாலோர் மீது வழக்கே பதியாமல் விடுவித்ததையும் விவரிக்கிறது. பிடிபட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களும் லத்தீன் அமெரிக்க இளைஞர்களும். நூல் வந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1992 ஏப்ரல் 29 அன்று, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த காவலர்கள் வழக்கில் விடுவிக்கப்பட்டதும் நகரம் பற்றியெரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகு டேவிஸைத் தீர்க்கதரிசி என்று எல்லோரும் எழுதத் தொடங்கினார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. ஆரூடம் சொல்பவருக்கு ஆதாரம் தேவையில்லை. டேவிஸ் செய்ததோ கைது எண்ணிக்கையையும், மூடப்பட்ட ஆலைகளையும், வெட்டப்பட்ட இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டங்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த வேலை. அந்த வேலையை யாரும் செய்திருக்கலாம். செய்யவில்லை என்பதுதான் அந்த நகரத்தின் பத்திரிகைகளையும் பல்கலைக்கழகங்களையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி.

1998இல் வந்த ‘எக்காலஜி ஆஃப் ஃபியர்’ நூலில் அதே பார்வை இயற்கைப் பேரிடர்களின் மேல் திரும்புகிறது. அதில் உள்ள, பணக்காரர்கள் வாழும் கடலோரப் பகுதியான மாலிபு பற்றிய கட்டுரையின் தலைப்பே மாலிபுவை எரியவிட வேண்டும் என்று வாதிடுவதால், அதைப் படிக்காமலே திட்டியவர்கள் ஏராளம். கட்டுரை சொல்வது எளிமையானது. மலையும் கடலும் சேரும் அந்தக் கரையில் எண்ணெய்ப் பசை கொண்ட புதர்க்காடும், இலையுதிர் காலத்தில் பாலைவனப் பக்கத்திலிருந்து வீசும் சான்டா ஆனா காற்றும் இருப்பதால், அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிந்தே தீரும். எரியும் ஒவ்வொரு முறையும் பொதுப் பணத்தில் தீயணைத்து, பொதுப் பணத்தில் நிவாரணம் கொடுத்து, முன்பைவிடப் பெரிய மாளிகைகள் கட்ட வழிசெய்யப்படுகிறது. இதற்கு நேரெதிரே நகர மையத்தை ஒட்டிய வெஸ்ட்லேக் பகுதியின் நெரிசலான வாடகை அடுக்ககங்களை வைக்கிறார். 1993ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே ஓர் அடுக்ககத்தில் பிடித்த தீயில் குடியேறிகளின் குடும்பங்கள் குழந்தைகளோடு மாண்டன; அதே ஆண்டு நவம்பரில் மாலிபு எரிந்தது. இரண்டு தீயில் எது நாடு முழுவதும் தலைப்புச் செய்தியானது, எதற்கு நிதி வந்தது என்பதை நீங்களே ஊகிக்கலாம். தீயணைப்புக் கதவு மூடாமல் கிடப்பதைச் சரிசெய்ய ஆய்வாளர்கள் போதாத நகரத்தில், மலைச் சரிவின் மாளிகைகளுக்கு விமானத்திலிருந்து தண்ணீர் கொட்டப்படுகிறது. 2025 ஜனவரியில் பாலிசேட்ஸ் பகுதியும் மாலிபுவின் ஒரு பகுதியும் எரிந்தபோது பலரும் இந்தக் கட்டுரையைத்தான் மறுபடி எடுத்தார்கள்.

அந்த நூலில் என் மனத்தில் தங்கிய இன்னொரு செய்தி, 1930இல் தயாரிக்கப்பட்ட ஓர் அறிக்கை பற்றியது. நகரத் திட்டமிடலில் பேர்பெற்ற ஓம்ஸ்டெட் சகோதரர்களின் நிறுவனமும் பார்த்தலமியூவின் நிறுவனமும் சேர்ந்து, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரம் முழுவதற்கும் பூங்காக்களும் பொதுக் கடற்கரைகளும் அமைக்கத் திட்டம் தந்தன. வெள்ளம் வரும் ஆற்றங்கரையைப் பூங்காவாக்கு, தீப் பிடிக்கும் மலைச் சரிவைப் பொதுவில் வை என்பது அதன் சாரம். அந்த அறிக்கை அலமாரிக்குப் போய்விட்டது. நகரத்துக்கு வேறு வழி தெரிந்திருந்தது, தெரிந்தே விட்டது என்பதை அறியும்போது வரும் ஆற்றாமையை டேவிஸ் மறைக்க முயல்வதில்லை.

இனி அந்த ஒரு ராத்தல் தானியம். ‘லேட் விக்டோரியன் ஹோலோகாஸ்ட்ஸ்’ 1876 முதல் 1902 வரை மூன்று அலைகளாக வந்த வறட்சியையும், அதில் இந்தியா, சீனா, பிரேசில் உள்ளிட்ட நாடுகளில் 3 கோடி முதல் 6 கோடி வரை மக்கள் இறந்ததையும் பற்றியது. நகரத்தைப் பற்றிய புத்தகம் அல்லவே, இங்கே ஏன் என்று தோன்றலாம். லண்டன் என்ற நகரத்தின் ரொட்டி விலைக்கும் சென்னை மாகாணத்துக் கிராமங்களின் சாவுக்கும் இடையே இருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு போகும் நூல் அது. ஏழைகளின் உலகத்தைப் பற்றி அவர் பின்னால் எழுதிய அனைத்துக்கும் இதுவே அடித்தளம்.

1873–74இல் பீகாரில் விளைச்சல் பொய்த்தபோது, வங்காளத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசியை இறக்கி மக்களுக்குக் கொடுத்தார். பட்டினிச் சாவு என்று அரசாங்கக் கணக்கில் பதிவானது 23 பேர் மட்டுமே. அதற்கு அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. அரசாங்கப் பணத்தை வாரியிறைத்தார் என்று லண்டன் பத்திரிகைகளும் மேலிடமும் அவரைக் குத்திக் கிழித்தன. மூன்று ஆண்டுகள் கழித்துத் தென்னிந்தியாவில் மழை பொய்த்தபோது, வைஸ்ராய் லிட்டன் அதே டெம்பிளைச் செலவைச் சுருக்கும் பொறுப்போடு சென்னைக்கு அனுப்பினார். பழைய அவப்பெயரைக் கழுவிக்கொள்ள வந்த அந்த மனிதர், நிவாரணப் பணியில் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று விதித்தார். வேலை வேண்டுபவர் தம் ஊரிலிருந்து குறைந்தது பத்து மைல் தள்ளியிருக்கும் முகாமுக்குப் போக வேண்டும் என்பதும் விதி. பசியால் துவண்டவர் பத்து மைல் நடக்க முடிந்தால்தானே அவர் உண்மையாகவே தேவைப்படுபவரா என்று தெரியும் என்பது அதன் தர்க்கம்.

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை அப்போதே எதிர்த்தார். உழைக்கும் உடம்புக்கு ஒரு ராத்தல் போதாது, முகாம்களில் மக்கள் தேய்ந்து சாகிறார்கள் என்று அறிக்கை மேல் அறிக்கையாக எழுதினார். அந்த அறிக்கைகளிலிருந்துதான் டேவிஸ் தம் கணக்கை எடுக்கிறார்: முகாம்களின் ஒரு மாதத்துச் சாவு வீதத்தை ஆண்டுக்குக் கணக்கிட்டால் நூற்றுக்கு 94 என்று வருகிறது. டெம்பிள் விதித்த உணவு 1,627 கலோரி என்றும், 1944இல் நாஜிகளின் பூஹன்வால்ட் முகாமில் கொடுக்கப்பட்டது 1,750 கலோரி என்றும் ஓர் அட்டவணை போட்டிருக்கிறார். அந்த ஒப்பீடு படிப்பவரை உலுக்குவதற்காகவே வைக்கப்பட்டது, அதை வைத்து இரண்டு வரலாறுகளையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் கார்னிஷின் எச்சரிக்கையை அட்டவணை இல்லாமலே படித்தாலும் கை நடுங்கும். தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாதபடி, தெரிந்தவர் ஒருவர் அரசாங்கத்துக்கு உள்ளேயே இருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

இதே நேரத்தில், 1877 ஜனவரியில், விக்டோரியா இந்தியாவின் பேரரசியானதைக் கொண்டாட டெல்லியில் லிட்டன் தர்பார் நடத்தினார். 68,000 விருந்தினருக்கு ஒரு வாரம் விருந்து நடந்தது. பஞ்ச காலத்தில் தானியத்தைப் பசித்த ஊருக்குக் கொண்டுபோகும் என்று சொல்லிப் போடப்பட்ட ரயில் பாதைகள், விலை ஏறும் இடத்துக்குத் தானியத்தை இழுத்துக்கொண்டு போயின. தந்தி வசதி வந்ததால் எல்லா ஊர்களிலும் விலை ஒரே நாளில் ஏறியது. 1877–78இல் ஐரோப்பாவுக்குப் போன இந்தியக் கோதுமை அதுவரை இல்லாத அளவை எட்டியது. சந்தையில் கைவைக்கக் கூடாது என்ற கொள்கையின் பெயரால் இவை அனைத்தும் நியாயப்படுத்தப்பட்டன. அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் இறந்தவர்களின் எண்ணிக்கைக்கு, வெவ்வேறு ஆய்வாளர்களின் கணக்குப்படி 61 லட்சம் முதல் 1 கோடியே 3 லட்சம் வரை டேவிஸ் எடுத்துக்காட்டுகிறார்.

நாம் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்கிறோம். பஞ்சாங்கத்தில் வரும் ஆண்டின் பெயரைச் சொல்லி நினைவு வைத்திருப்பதில், அது வானம் செய்த வினை என்ற ஒலி தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. சென்னையின் பக்கிங்காம் கால்வாயை நீட்டித்த வேலையில் அந்தப் பஞ்சத்தில் அடிபட்டவர்களின் உழைப்பு இருக்கிறது; அன்றைய ஆளுநரின் பெயர்தான் கால்வாயில் நிற்கிறது. டேவிஸின் நூலைப் படித்து முடித்தபோது, வீட்டில் பெரியவர்கள் தாது வருஷம் என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டது எனக்கு நினைவுக்கு வந்தது. அந்தத் தாழ்ந்த குரலுக்கும் கார்னிஷின் அறிக்கைகளுக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் எந்தத் தொடர்பும் இல்லாமல் இருந்ததை நினைத்து வருந்தினேன். தமிழில் இந்தப் பஞ்சத்தைப் பற்றிக் கும்மிகளும் பாட்டுகளும் இருக்கின்றன; அவற்றையும் இந்த நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது விரிவாக எழுத வேண்டும் என்பது என் ஆசை.

மக்கள் வாய்மூடிச் செத்தார்கள் என்றும் அவர் எழுதவில்லை. பம்பாய் தக்காணத்தில் பல்லாயிரம் பேர் டெம்பிள் கூலியை ஏற்க மறுத்து முகாம்களை விட்டு வெளியேறினார்கள், பூனா சர்வஜனிக் சபை என்ற பொதுநல அமைப்பு அவர்களுக்குத் துணைநின்றது என்பதை அவர் அக்கறையோடு பதிவுசெய்கிறார். எல் நினோ என்ற கடல் வெப்ப மாற்றத்தை விளக்கும் நடுப்பகுதி கொஞ்சம் கடினம். முதல் வாசிப்பில் அதைத் தாண்டிப் போகலாம். அதன் சாரம் ஒன்றுதான்: வறட்சி கடலிலிருந்து வந்தது, பஞ்சம் கோப்பிலிருந்து வந்தது.

2006இல் வந்த ‘பிளானட் ஆஃப் ஸ்லம்ஸ்’ அவருடைய நூல்களில் உலகெங்கும் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுவனவற்றில் ஒன்று, ஆனால் அதைத் தொடக்கமாக நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐக்கிய நாடுகள் அவையின் குடியிருப்பு அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கையை அடிப்படையாக வைத்து எழுதப்பட்டது; 2001இல் உலகில் 92 கோடிப் பேர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள் என்பது அந்த அறிக்கையின் கணக்கு. தொழிற்சாலைகள் பெருகியதால் நகரம் பெருகியது என்ற ஐரோப்பிய அனுபவம் இங்கே பொருந்தவில்லை, பன்னாட்டு நிதியத்தின் கட்டமைப்புச் சீர்திருத்தங்கள் உழவரை நிலத்திலிருந்து பெயர்த்தெடுத்து வேலையே இல்லாத நகரங்களுக்குத் தள்ளின என்பது அவருடைய வாதம். குடிசைக்குப் பட்டா கொடுத்துவிட்டால் ஏழை முதலாளியாகிவிடுவார் என்ற பெரு நாட்டுப் பொருளியலாளர் எர்னாண்டோ டி சோட்டோவின் கருத்தை அவர் மறுக்கும் பகுதி இந்த நூலின் மிகச் சிறந்த பகுதி. குடிசைப் பகுதிக்குள்ளேயே வாடகைக்கு விடுபவரும் வாடகைக்கு இருப்பவரும் இருக்கிறார்கள். பட்டா வந்ததும் முன்னவரின் மதிப்பு கூடுகிறது, பின்னவர் இன்னும் தொலைவுக்குத் துரத்தப்படுகிறார். ஏழைகள் என்று ஒரே சொல்லில் அடைத்துவிடும் பழக்கம் உள்ள எல்லோரும் இதைப் படிக்க வேண்டும்.

ஆனால் அந்த நூலில் மனிதக் குரல் குறைவு. பிற ஆய்வாளர்களின் நூல்களையும் அறிக்கைகளையும் படித்துத் தொகுத்தது அது. லாஸ் ஏஞ்சலஸை நடந்து பார்த்த கண் கின்ஷாசாவிலோ மும்பையிலோ நடக்கவில்லை. அங்கே வாழும் மக்கள் குழாய்த் தண்ணீருக்கும் வீட்டுக்கும் நடத்திய நீண்ட போராட்டங்கள் அதில் மங்கலாகவே தெரிகின்றன. நகரத்தையே அழிவின் உருவமாகக் காட்டிவிட்டார் என்று நகரத் திட்டமிடலாளர் டாம் அங்காட்டி உட்படப் பலர் விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. எதிர்ப்பு இயக்கங்களைப் பற்றி இன்னொரு நூலை வேறொருவரோடு சேர்ந்து எழுதுவதாக டேவிஸ் சொல்லியிருந்தார். அது வரவே இல்லை என்பது பெரிய இழப்பு.

மிகைப்படுத்துபவர் என்ற குற்றச்சாட்டையும் நேராகவே பார்க்கலாம். ‘எக்காலஜி ஆஃப் ஃபியர்’ வெளிவந்தபோது மாலிபுவில் வீட்டுமனைத் தொழில் செய்த ஒருவர் அதன் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பிழைகளைப் பட்டியலிட்டார். அதையொட்டி, 1980களின் இறுதியில் டேவிஸ் ஒரு வார இதழில் எழுதிய கட்டுரையில் இருந்த ஓர் உரையாடல் நடக்காத ஒன்று என்பதும் வெளிச்சத்துக்கு வந்தது. இது சிறிய குற்றம் அல்ல. அவர்மீது அன்பு கொண்டவர்கள் அதை மழுப்பக் கூடாது. அடிக்குறிப்புகளில் தவறுகள் இருந்தன, சில இடங்களில் எண்ணிக்கையைவிட வேகம் முந்திக்கொண்டது. அதே சமயம், தீ எரியும் மலையில் பொதுப் பணத்தில் மாளிகை கட்டுவது சரிதானா என்ற கேள்விக்கு அந்தப் பட்டியல் எந்தப் பதிலும் தரவில்லை. அவரை வாசிக்கும்போது எண்களை வேறு இடத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேள்விகளை அவரிடமிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு குறையும் எனக்குப் படுகிறது: ‘சிட்டி ஆஃப் குவார்ட்ஸ்’ நூலில் பெண்கள் மிகக் குறைவாகவே வருகிறார்கள், அதிகாரம் சந்துபொந்து இல்லாத சுவராகத் தெரிகிறது. 2000இல் வந்த ‘மேஜிக்கல் அர்பனிசம்’ நூலில் லத்தீன் அமெரிக்கக் குடியேறிகள் அந்தச் சுவருக்குள்ளேயே எப்படித் தெருக்களுக்கு உயிர் கொடுத்தார்கள் என்று எழுதியதை அந்தக் குறைக்கு அவரே சொன்ன பதிலாக நான் எடுத்துக்கொள்கிறேன். வரலாற்றாளர் ஜான் வீனரோடு சேர்ந்து 2020இல் வெளியிட்ட 1960களின் லாஸ் ஏஞ்சலஸ் வரலாறு இதை இன்னும் விரிவாகச் செய்கிறது. பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளிநடப்புச் செய்தது முதல் பல போராட்டங்கள் அதில் பெயரோடும் தேதியோடும் வருகின்றன. பறவைக் காய்ச்சலைப் பற்றி 2005இலும், வாகன வெடிகுண்டின் வரலாற்றைப் பற்றி 2007இலும் எழுதியவற்றைப் பிறகு படித்தாலும் போதும்.

ஆகவே, பெஞ்சு அத்தியாயம், பிறகு பஞ்சத்தின் தொடக்கப் பகுதி, பிறகு வீட்டுச் சொந்தக்காரர்களைப் பற்றிய அத்தியாயம், பிறகு மாலிபு என்ற வரிசையில் போகலாம். அதற்குப் பிறகு ஒரு கட்டுரையை மட்டும் தவறவிடாதீர்கள். 2010இல் ‘நியூ லெஃப்ட் ரிவ்யூ’ இதழில், பைபிள் கதையில் வெள்ளத்திலிருந்து உயிர்களைக் காத்த நோவாவின் பேழையை மனத்தில் வைத்து, பேழையை யார் கட்டப்போகிறார்கள் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து அவர் எழுதியது அது. தம்மோடு தாமே வாதாடும் அந்தக் கட்டுரையின் முதல் பாதி, வெப்பமாகும் உலகில் பணக்கார நாடுகள் தங்களை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்றவர்களைக் கைவிடக்கூடும் என்று வாதிடுகிறது. பலரும் அத்தோடு நிறுத்திவிட்டு, பழையபடி அழிவைப் பேசுகிறார் என்கிறார்கள். இரண்டாம் பாதியில் அவர் நகரத்தின் பக்கம் நின்று பேசுகிறார்: ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தோட்டமும் தனிக் காரும் கொடுக்க இந்தப் பூமியால் முடியாது, ஆனால் எல்லோருக்கும் பெரிய பூங்காவும் நல்ல நூலகமும் பொது வாகனமும் கொடுக்க நெருக்கமான நகரத்தால் முடியும், தனிச் சொத்தைவிடப் பொது வளத்தை முன்வைக்கும் நகரமே பேழை என்கிறார். 1920களின் கட்டடக் கலைஞர்கள் தொழிலாளர் குடியிருப்புகளுக்காகக் கண்ட கனவுகளை அங்கே மறுபடி எடுத்துப் பேசுகிறார். பீப்பாய் பெஞ்சுகளைப் பற்றி எழுதி இருபது ஆண்டுகள் கழித்து எழுதியது அது; அந்த அத்தியாயத்தை வாசித்த சூட்டோடு இதையும் வாசித்துவிடுங்கள்.